நடப்பவருக்காக வண்டி நிற்கட்டும்

கோவையில் ஒரு நான்குவழிச் சாலையின் இரு பக்கமும் குடியிருக்கும் நாங்கள், எங்கள் பேருந்து நிறுத்தத்தை ஒட்டியுள்ள ஜீப்ரா கிராசிங்கை இன்று முதல் எங்கள் கவனிப்பில் எடுத்துக்கொள்கிறோம். எட்டு வயதுப் பிள்ளையும் எண்பது வயதுப் பாட்டியும் யார் கையையும் பிடிக்காமல் அதைக் கடக்கும் நாள் வரும்வரை ஓயமாட்டோம் என்று அறிவிக்கிறோம். இதனால் யாருடைய அதிகாரத்தையும் நாங்கள் பிடுங்கவில்லை. சாலை அரசுடையது. அதைத் தினமும் கடக்கிற கால்கள் எங்களுடையவை. விழுந்தால் முறிகிற எலும்பும் எங்களுடையது. இந்த ஒரு தகுதி போதும் என்று நினைக்கிறோம்.

அந்த இடம் இன்று எப்படி இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். கோடு போட்டிருக்கிறார்கள், ஒரு காலத்தில் நல்ல வெள்ளைக் கோடுதான். சக்கரம் ஓடுகிற தடங்களில் அது தேய்ந்து மறைந்து, சக்கரம் படாத இடங்களில் மட்டும் கையகலத் துண்டுகளாக மிஞ்சியிருக்கிறது. பக்கத்தில் நின்று குனிந்து பார்ப்பவருக்குத்தான் அது கிராசிங் என்று தெரியும். வண்டியில் வருகிறவர் கண்ணுக்குத் தார் மட்டும்தான். வடக்குப் பக்கம் கோடு போய் முட்டுவது ஒரு டிரான்ஸ்பார்மர் வேலியில். தெற்குப் பக்கம் நடைபாதை முழங்கால் உயரம். ஏறுவதற்கு யாரோ ஒரு சிமென்ட் கல்லைப் போட்டு வைத்திருக்கிறார்கள், அது மிதித்தால் ஆடும். சென்டர் மீடியனில் இரண்டு பேர் ஒடுங்கி நிற்கிற அளவுக்கு ஒரு வெட்டு உண்டு. அதற்குள்ளும் ஒரு விளம்பரப் பலகையின் இரும்புக் கால் ஊன்றியிருக்கிறது. தெருவிளக்கு இருக்கிறது, ஒழுங்காக எரியவும் செய்கிறது. விளக்குக்கும் சாலைக்கும் நடுவே தூங்குமூஞ்சி மரத்தின் கிளை படர்ந்திருப்பதால் வெளிச்சமெல்லாம் இலைகளின் மேல் விழுகிறது, கீழே கிராசிங் இருட்டில் கிடக்கிறது. அந்த மரத்தை வெட்டச் சொல்லி நாங்கள் ஒருபோதும் கேட்கமாட்டோம். இறக்கி வைக்க வேண்டியது விளக்கை.

இந்த வழியாகக் கடப்பவர்கள் யார்? விடியற்காலையில் மில் ஷிப்ட் முடிந்து தூக்கக் கண்ணோடு வருகிறவர்கள், எட்டரை மணிக்கு முதுகை வளைக்கும் புத்தகப் பையோடு பள்ளிப் பிள்ளைகள், ரேஷன் கடையில் அரிசி வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு திரும்பும் பெண்கள், பட்டறைத் தொழிலாளிகள், பேக்கரிக்கு டீ குடிக்க வருகிறவர்கள், கிழக்குத் தெருவிலிருந்து கோயிலுக்குப் போகும் முதியவர்கள். பேருந்தில் போகிற ஒவ்வொருவரும் நாளுக்கு ஒரு தடவையாவது இந்தச் சாலையைக் கடந்தே தீர வேண்டும். காலையில் வீட்டுப் பக்கத்தில் ஏறினால் மாலையில் எதிர்ப்பக்கம்தானே இறங்க வேண்டும்? 2021 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதனால் வேலைக்கும் மருத்துவமனைக்கும் சந்தைக்கும் தனியாகப் போய்வரும் பெண்கள் எங்கள் நிறுத்தத்தில் பெருகியிருக்கிறார்கள். பயணத்தை இலவசமாக்கிய அரசு, அந்தப் பயணத்தின் கடைசி 14 மீட்டரான இந்தச் சாலையின் அகலத்தையும் கவனிக்க வேண்டும்.

கீரை விற்கும் ஆத்தா ஒருவர் இங்கே உண்டு. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரத்தில் நின்று, வருகிற போகிறவர்களிடம், "ஏனுங் தம்பி, அந்தப் பக்கம் கொண்டுபோய் உட்டுருங்க சாமி" என்று கேட்பார். யாராவது ஒருவர் கை கொடுப்பார். அந்த நல்ல மனம் எங்கள் ஊரில் இன்னும் வற்றவில்லை, அதற்காகப் பெருமைப்படுகிறோம். ஆனால் ஐம்பது வருடமாகத் தன் உழைப்பில் நின்ற ஒரு பெண், ஒரு சாலையைக் கடக்க அடுத்தவர் தயவை எதிர்பார்த்து நிற்கும்படி செய்தது எது? அதைத்தான் மாற்ற வேண்டும் என்கிறோம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் தயங்குவது எவ்வளவு நியாயம் என்று புரியும். ஒரு தடம் 3.5 மீட்டர் என்றால் நான்கு தடத்துக்கு 14 மீட்டர். சிக்னலுக்கு நேரம் குறிக்கும் பொறியாளர்கள், நடப்பவர் வினாடிக்கு 1.2 மீட்டர் போவார் என்று வைத்துக்கொள்வது வழக்கம். அந்த வேகத்தில் சாலையைக் கடக்க ஏறக்குறைய 12 வினாடி ஆகும். முழங்கால் வலியோடு, கூடையோடு, வினாடிக்கு 0.8 மீட்டர் நடப்பவருக்கு 17 வினாடிக்கு மேல் ஆகும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு வினாடியில் 14 மீட்டர் ஓடிவிடும். ஆகவே அந்த ஆத்தா நிம்மதியாகக் கடப்பதற்கு இரு பக்கமும் ஏறத்தாழ 240 மீட்டர் தூரத்துக்கு வண்டியே வராத ஓர் இடைவெளி கிடைக்க வேண்டும். எங்கள் சாலையில் பகலில் அப்படி ஓர் இடைவெளி கிடையாது. ஆகவே இங்கே கடக்கிற ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு வண்டி தனக்காக வேகம் குறைக்கும் என்று நம்பித்தான் காலை எடுத்து வைக்கிறார். அந்த நம்பிக்கையைச் சட்டமும் சாலையின் அமைப்பும் காப்பாற்ற வேண்டும்.

அதே கணக்கு வழியையும் காட்டுகிறது. நடுவில் மீடியனை அகலப்படுத்தி, ஒரு தாய் இரண்டு பிள்ளைகளோடு பயமில்லாமல் நிற்கும் மேடை ஒன்றைக் கொடுத்தால், ஒரு தடவைக்கு 7 மீட்டர்தான் கடக்க வேண்டியிருக்கும். ஒரு பக்கம் வரும் வண்டியை மட்டும் பார்த்தால் போதும். தேவையான இடைவெளி பாதியாகக் குறைந்துவிடும். வேகம் குறைந்தால் இன்னும் நல்லது. பிரிட்டனின் சாலை விதி நூல், மணிக்கு 48 கிலோமீட்டரில் வரும் கார் முழுதாக நிற்க 23 மீட்டர் ஆகும் என்றும், 32 கிலோமீட்டரில் வந்தால் 12 மீட்டரில் நின்றுவிடும் என்றும் சொல்கிறது. இந்த 11 மீட்டர் வித்தியாசத்துக்குள் எங்கள் கிராசிங் கோட்டின் அகலம் முழுவதும் அடங்கிவிடும், அதில் நடப்பவரும் அடக்கம்.

"பார்த்து வரக்கூடாதா?" விபத்து நடந்த இடத்தில் முதலில் எழும் கேள்வி இது. விழுந்து கிடப்பவரைப் பார்த்தே இதைக் கேட்கிறார்கள். இந்தக் கேள்வியை எங்கள் இயக்கம் அடியோடு நிராகரிக்கிறது. வருகிற வண்டியின் வேகத்தையும் தூரத்தையும் சேர்த்துக் கணிக்கும் திறன் சிறு குழந்தைகளுக்கு இன்னும் வந்திருக்காது, அது வளர வளர வருவது. வயதானவர்களுக்குக் கண்ணும் காதும் மங்கும். கருவுற்றிருக்கும் பெண்ணால் ஓட முடியாது. உடம்பு இப்படித்தான் இருக்கும், அதற்கேற்பத்தான் சாலையைப் போட வேண்டும். மனிதருக்கு ஒத்துவராத சாலையைப் போட்டுவிட்டு மனிதரைத் திருத்தப் புறப்படுவது நியாயமே இல்லை.

2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தார்கள் என்று ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்குக் கொடுத்திருக்கிறது. அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். சராசரியாக நாளொன்றுக்கு 90 பேர். அதே ஆண்டில் நாட்டிலேயே அதிகமாக, 64,105 விபத்துகள் நடந்த மாநிலம் நம் தமிழ்நாடு. இங்கே இறந்தவர்கள் 17,884 பேர். நடந்து போனவர்கள் என்றால் யார்? கார் வாங்க வசதியில்லாதவர், ஓட்டும் வயது வராதவர், ஓட்டும் வயதைத் தாண்டியவர். பெரும்பாலும் இவர்கள்தான். இவர்களுடைய சாவுக்கு ஊர் பழகிவிட்டது. நாங்கள் பழகிக்கொள்ள மாட்டோம்.

கோவைக்காரர்களாகிய எங்களுக்கு இதில் ஒரு கூடுதல் கடமையும் இருக்கிறது. சாலை விபத்துகளைத் தடுக்க வழிகாட்டும்படி 2012-ல் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டியவர் இந்த ஊர் எலும்பு மருத்துவர் டாக்டர் எஸ்.ராஜசேகரன். முறிந்த எலும்புகளை அறுவை மேசையில் பார்த்துப் பார்த்து, இதை மருத்துவத்தால் மட்டும் தீர்க்க முடியாது என்று வழக்காடப் போனவர். அந்த வழக்கில்தான் 2014-ல் நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. அதே வழக்கில்தான் 2025 மே மாதம், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில், நடப்பவர் பாதுகாப்புக்கான விதிகளை வகுக்கும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. இவ்வளவும் இந்த ஊர்க்காரர் ஒருவரின் மனுவிலிருந்து கிளைத்தது. தீர்ப்பு டெல்லியில் வந்துவிட்டது, அதைத் தார்ச் சாலையில் கொண்டுவந்து இறக்கும் வேலைதான் பாக்கி. அந்த வேலை எங்களுடையது.

சட்டமும் எங்கள் பக்கம்தான் இருக்கிறது. ஓட்டுநர்களுக்கான 2017-ம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகளின்படி, கிராசிங்கை நெருங்கும் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, நடப்பவர் இருந்தால் நின்று வழிவிட வேண்டும். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு, சாலையைத் தரநிலைப்படி அமைக்கவோ பராமரிக்கவோ தவறியதால் உயிர் போனாலோ ஊனம் ஏற்பட்டாலோ அதற்குப் பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. ஒரு லட்சம் ஓர் உயிருக்குப் பெரிய தொகை ஒன்றும் இல்லை. ஆனால் தவறு சாலையிலும் இருக்கலாம் என்று சட்டம் ஒப்புக்கொண்டது பெரிய விஷயம். அந்த ஒரு வரியை நாங்கள் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறோம்.

எங்கள் ஊருக்கே உரிய ஒரு சிக்கலையும் இங்கே சொல்ல வேண்டும். கடந்த சில ஆண்டுகளாகக் கோவையின் பல சந்திப்புகளில் சிக்னலை எடுத்துவிட்டு யூ-டர்ன் வைத்திருக்கிறார்கள். வண்டிகள் காத்திருக்காமல் ஓடுகின்றன, நெரிசல் குறைந்திருக்கிறது. வண்டி ஓட்டுபவருக்கு அதன் அருமை தெரியும், அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் சிக்னலின் சிவப்பு விளக்கு வண்டிகளை நிறுத்திய அந்த ஒரு நிமிடத்தில்தான் நடப்பவர்கள் கடந்துகொண்டிருந்தார்கள். சிவப்பு போனதும் அவர்களுடைய நேரமும் போய்விட்டது. வண்டி நிற்காமல் ஓடுவதே ஒரு சாலையின் வெற்றி என்றால், அதில் நடப்பவருக்கு இடமே இல்லை. யூ-டர்ன் இருக்கட்டும். அதன் பக்கத்திலேயே, நடப்பவர் பொத்தானை அழுத்தினால் சிவப்பு விழுகிற பெலிக்கன் சிக்னலும் இருக்கட்டும். இரண்டும் சேர்ந்து இருக்க முடியாது என்று எந்தப் பொறியியல் நூலிலும் எழுதியிருக்கவில்லை.

பாதுகாப்போடு அழகையும் ஏன் சேர்த்துக் கேட்கிறோம் என்று எங்கள் தெருவிலேயே சிலர் கேட்டார்கள். உயிர் போகிற இடத்தில் கோலம் எதற்கு என்பது அவர்கள் கேள்வி. நல்ல கேள்வி. இந்தப் பிரகடனத்தில் எங்களுக்கு மிகவும் நெருக்கமான பகுதி அதற்கான பதில்தான்.

ஓட்டுநர் எதைப் பார்த்து வேகம் குறைக்கிறார்? போர்டைப் பார்த்து மட்டும் இல்லை. "இங்கே ஆட்கள் இருப்பார்கள்" என்று அவர் மனசுக்குப் பட வேண்டும். திருவிழாத் தெருவில் நுழைகிற வண்டி யாரும் சொல்லாமலே மெதுவாகப் போகிறதே, அது அப்படித்தான். குப்பை கிடக்கிற, சுவரொட்டி கிழிந்து தொங்குகிற, விளக்கில்லாத இடம், இங்கே கேட்க ஆளில்லை என்று ஓட்டுநருக்குச் சொல்கிறது. பெருக்கித் துடைத்த, பூச்செடி வைத்த, வண்ணம் பூசிய ஓரம், இங்கே ஊர் இருக்கிறது, உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று சொல்கிறது. இது எங்கள் கற்பனை இல்லை. அமெரிக்க நகரங்களில் சாலை மேல் ஓவியம் தீட்டிய 17 இடங்களை ஆராய்ந்து புளூம்பெர்க் அறக்கட்டளை 2022-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்த இடங்களில் நடப்பவரும் சைக்கிள்காரரும் சிக்கிய விபத்துகள் பாதியாகக் குறைந்திருந்தன. சில இடங்களில் ஓட்டுநர்களின் நடத்தையைக் கவனித்தபோது, உடனே நின்று வழிவிடுவது 27 சதவீதம் கூடியிருந்தது.

ஆனால் ஒரு கட்டுப்பாட்டை எங்களுக்கு நாங்களே விதித்துக்கொள்கிறோம். வெள்ளைக் கோட்டின் மேல் கை வைக்கமாட்டோம். 1949-ல் பிரிட்டனில் நீலம், மஞ்சள், சிவப்பு என்று பல நிறப் பட்டைகளை ஏராளமான இடங்களில் சோதித்துப் பார்த்த பிறகுதான் கறுப்பு-வெள்ளைக்கு வந்தார்கள். 1951-ல் அது சட்டமாயிற்று. தூரத்திலிருந்து, மழையில், மங்கிய வெளிச்சத்தில் ஓட்டுநர் கண்ணுக்குச் சட்டென்று தெரிவது அதுதான். முப்பரிமாணக் கோடு என்று தூக்கி நிற்கிற மாதிரி வரைவது சில ஊர்களில் பிரபலமாயிற்று. முதல் தடவை பார்ப்பவர் திடுக்கிட்டு பிரேக் போடுவார், தினமும் வருகிறவர் பழகிவிடுவார். திடுக்கிட்டு பிரேக் போடுவதும் இரு சக்கர வண்டிக்கு நல்லதில்லை. எனவே ஓவியங்கள் நடைபாதையில், சுவரில், மின்பெட்டியின் மேல், நடைபாதை விளிம்புக் கல்லில் மட்டும் இருக்கும். எங்கள் பெண்களின் புள்ளிக் கோலம் கிராசிங்கின் இரு முனையிலும், மனிதர்கள் நின்று காத்திருக்கும் இடத்தில் வரும். கோடு, கோடாகவே இருக்கும்.

அந்தக் கோட்டையும் சாதாரண பெயின்டில் போடக் கூடாது என்று கேட்கிறோம். சுவருக்கு அடிக்கிற பெயின்ட் ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது, நனைந்தால் வழுக்கும், அதில் சறுக்கி விழுவது ஸ்கூட்டரில் வருகிற ஒரு பெண்ணாக இருக்கும். காய்ச்சி ஊற்றும் தெர்மோபிளாஸ்டிக், அதன் மேல் கண்ணாடி மணிகள் தூவியது, அதுதான் வேண்டும். இரவில் வண்டியின் முகப்பு விளக்கு பட்டதும் அந்த மணிகள் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். விலை அதிகம்தான். ஆனால் நீடித்து உழைக்கும்.

நாங்கள் முதலாவதாகக் கேட்பது மேடைக் கிராசிங். நடைபாதையின் உயரத்துக்கே சாலையைத் தூக்கி, மேலே தட்டையாக, இரு பக்கமும் சாய்வாக அமைப்பது. அப்போது நடப்பவர் இறங்கி ஏற வேண்டியதில்லை, வண்டிதான் ஏறி இறங்கும். சக்கர நாற்காலியும் தள்ளுவண்டியும் தங்குதடையின்றிப் போகும். வேகத்தடையும் கிராசிங்கும் ஒன்றாகிவிடும். தயவுசெய்து எங்களுக்கு முதுகை ஒடிக்கும் அந்தக் குறுகலான தார் மேட்டைப் போட்டுத் தர வேண்டாம். இந்தியச் சாலைப் பேராயம் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துக்கு வகுத்த வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்டது. நம் தெருக்களில் இரவோடு இரவாக முளைக்கும் மேடுகளுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

பிறகு, நடுவில் நிற்க மேடை. மரக்கிளைக்குக் கீழே, கிராசிங் மேல் நேராக விழும் விளக்கு. பார்வையற்றோர் காலால் உணரும் புடைப்பு டைல்ஸ், அதுவும் ஒரு மின்கம்பத்தில் போய் முட்டாமல். டிரான்ஸ்பார்மரை நகர்த்த முடியாது என்றால் கிராசிங்கைப் பத்தடி நகர்த்தலாம். உண்மையில் மக்கள் கடப்பது அந்தப் பத்தடி தள்ளித்தான். கோடு எங்கே இருக்க வேண்டும் என்று கால்கள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டன. ஒரு மணி நேரம் பேக்கரி வாசலில் உட்கார்ந்து, யார் எங்கே கடக்கிறார்கள் என்று தாளில் குறித்தால் போதும், தெரிந்துவிடும். அந்தக் கணக்கை நாங்களே எடுத்து, வரைபடத்தோடு கொடுப்போம்.

கோடு போடுவது ஒரு துறை, விளக்கு இன்னொரு துறை, சிக்னல் மற்றொன்று, கம்பம் வேறொன்று. இந்தச் சிறு இடத்துக்கு இத்தனை சொந்தக்காரர்கள். ஒருவரைக் கேட்டால் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள் என்பது எல்லோருக்கும் அனுபவம். அதனால் தனித்தனி மனு கொடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். ஒரே மனு, ஒரே வரைபடம், எல்லாத் துறைக்கும் நகல். பகுதி சபைக் கூட்டத்தில் அதைத் தீர்மானமாகக் கொண்டுவருவோம். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேட்போம். அதில் 30 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். பணம்தான் தடை என்றால் 'நமக்கு நாமே' திட்டம் இருக்கிறது. மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். எங்கள் பங்கை வீடு வீடாகத் திரட்டுவோம். பத்து ரூபாய் கொடுப்பவர் பெயரும் பத்தாயிரம் கொடுப்பவர் பெயரும் ஒரே எழுத்தளவில் கணக்கில் ஏறும், கணக்கு பேக்கரிச் சுவரில் ஒட்டப்படும்.

விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தை 2021-ல் தமிழ்நாடு அரசு தொடங்கியது. எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றும் திட்டம் அது, மனமார வரவேற்கிறோம். அடிபட்ட பிறகு செலவழிக்கத் தயங்காத அரசு, அடிபடும் முன்னே செலவழிக்கவும் தயங்காது என்று நம்பித்தான் கேட்கிறோம்.

சாலையோர வியாபாரிகளை விரட்டி நடைபாதையை "மீட்பது" எங்கள் நோக்கமாக ஒருநாளும் இருக்காது. பூக்கார அக்காவும் இளநீர் அண்ணனும் அங்கே இருப்பதால்தான் இரவு ஒன்பது மணிக்கும் அந்த இடம் பெண்களுக்குப் பயமில்லாத இடமாக இருக்கிறது. அவர்கள் இந்தக் கிராசிங்கின் கண்கள். ஓட்டுநர் பார்வையை மறைக்கிற ஒன்றிரண்டு வண்டிகளை நாலடி நகர்த்திக்கொள்ளும்படி உட்கார்ந்து பேசுவோம், அவர்களையும் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டு பேசுவோம். ஆட்டோ ஸ்டாண்டு தோழர்களிடமும் அப்படியே. கோட்டின் மேல் நிறுத்தாமல் இருப்பதற்கு அவர்களுக்கு ஓர் இடம் ஒதுக்கித் தரவேண்டும் என்ற கோரிக்கையும் எங்கள் மனுவில் இருக்கும்.

ஓட்டுநர்களோடு சண்டைக்கு நிற்கமாட்டோம். பள்ளி விடும் நேரத்தில் எங்களில் இருவர் பச்சை அங்கியோடு கிராசிங்கில் நின்று வண்டிகளைக் கைகாட்டி நிறுத்துவார்கள். நிற்கிற ஒவ்வொரு ஓட்டுநருக்கும் கும்பிட்டு நன்றி சொல்வார்கள். இதற்குப் போக்குவரத்துக் காவலர்களின் அனுமதியும் பயிற்சியும் முறையாகப் பெறுவோம். ஜப்பானில் 1959-லிருந்து பள்ளிப் பாதைகளில் "பச்சை அத்தைகள்" என்று பெண்கள் கொடி பிடித்து நின்றிருக்கிறார்கள். பிரிட்டனில் 1953-லேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியைகள் நிறைய பேர் இருக்கிறார்கள். ஒரு வகுப்பையே ஒரு பார்வையில் அடக்கியவர்களுக்கு ஒரு லாரியை நிறுத்துவது கடினமாக இருக்காது.

எங்களில் வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஓர் உறுதி எடுக்கிறோம். இந்த ஊரில் எந்தக் கிராசிங்கிலும், காவலர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நடப்பவர் காலை எடுத்து வைத்தால் நிற்போம். பின்னால் ஹாரன் அடித்தாலும் நிற்போம். அடிபட்டவர் கிடந்தால் கடந்துபோகமாட்டோம். உதவுபவரைச் சட்டம் காக்கிறது, 134ஏ பிரிவு அதற்காகவே 2019-ல் சேர்க்கப்பட்டது.

கட்சிக் கொடி, சாதிப் பெயர், தலைவர் படம் எதுவும் இந்தக் கிராசிங்கின் பக்கத்தில் வராது. திறப்பு விழா என்று பிளக்ஸ் வைத்து ஓட்டுநர் பார்வையை மறைப்பது நாங்கள் செய்கிற வேலைக்கே விரோதம். யார் செய்து கொடுத்தாலும் நன்றி சொல்வோம். நன்றியை வாயால் சொல்வோம்.

இது ஒரு தெருவின் சின்ன விஷயம் என்று சிலர் சொல்லலாம். நெதர்லாந்தில் 1971-ல் மட்டும் 400-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சாலையில் இறந்தார்கள். அவர்களில் தன் மகளையும் பறிகொடுத்த விக் லாங்கன்ஹோஃப் என்ற பத்திரிகையாளர் மறு ஆண்டு ஒரு கட்டுரை எழுதினார். குழந்தைகளைக் கொல்வதை நிறுத்துங்கள் என்பது அதன் தலைப்பு. அந்தத் தலைப்பே ஓர் இயக்கமாயிற்று. தாய்மார்கள் தெருவை மறித்து உட்கார்ந்தார்கள், பிள்ளைகள் நடுச்சாலையில் விளையாடினார்கள். இன்று அந்த நாட்டில் பிள்ளைகள் தனியாகச் சைக்கிளில் பள்ளிக்குப் போவதற்கு அந்தப் போராட்டமும் ஒரு காரணம். அங்கேயும் தெருக்காரர்களிடமிருந்துதான் தொடங்கியது. நம் சென்னையில் 2014-ல் நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை மாநகராட்சி ஏற்றது. அப்படி ஒரு கொள்கை கோவையிலும் மற்ற ஊர்களிலும் தெருவுக்கு வரவேண்டும் என்றால், கேட்கிற மக்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்க வேண்டும்.

இயக்கத்துக்கு என்ன பெயர் வைப்பது என்பதை முதல் கூட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளிடம் விட்டுவிடப்போகிறோம். உறுப்பினராவதற்குச் சந்தா கிடையாது, படிவம் கிடையாது. இந்தச் சாலையைக் கடப்பவர் யாராக இருந்தாலும் உறுப்பினர். வாடகைக்கு இருப்பவர், வேறு மாநிலத்திலிருந்து வந்து பட்டறையில் வேலை செய்பவர், இந்த வழியாக வேலைக்கு வந்துபோகிறவர், எல்லோரும்.

அடுத்த ஞாயிறு காலை ஆறரை மணிக்குப் பேக்கரி முன்னால் கூடுகிறோம். முதல் வேலை, மீடியனில் கிடக்கும் குப்பையை அள்ளுவது. இரண்டாவது, யார் எங்கே கடக்கிறார்கள் என்று எண்ணுவது. துடைப்பம் இருப்பவர்கள் துடைப்பமும், மற்றவர்கள் ஒரு பேனாவும் நோட்டும் கொண்டு வாருங்கள். உங்கள் தெரு வேறாக இருந்தால், இந்தப் பிரகடனத்தில் எங்கள் சாலையின் விவரங்களை நீக்கிவிட்டு உங்கள் சாலையின் விவரங்களை எழுதி, உங்கள் அக்கம்பக்கத்தாரிடம் கையெழுத்து வாங்குங்கள். எங்களிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை.